குதிரை, சக்கரம், மொழி: மூன்றில் எது இன்னும் நிற்கிறது?

டேவிட் ஆந்தனியின் 'தி ஹார்ஸ், தி வீல் அண்ட் லாங்குவேஜ்' 2007இல் வெளிவந்தது. தொல் இந்தோ-ஐரோப்பியர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்றும் பெரும்பாலும் இந்தப் புத்தகத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். நம்ம ஊர் ஆரியர் விவாதங்களிலும் இரண்டு தரப்புக்காரர்களும் இதை எடுத்து வீசுவார்கள். ஒருவருக்கு "பார், குதிரையில் வந்தார்கள்" என்பதற்கு ஆதாரம். இன்னொருவருக்கு "பார், எல்லாம் ஊகம்" என்பதற்கு ஆதாரம். வீசுகிறவர்களில் எத்தனை பேர் ஐந்நூறு பக்கத்தையும் தாண்டியிருப்பார்கள் என்பது வேற கதை.

புத்தகம் வந்த பிறகு பழங்கால டி.என்.ஏ. ஆய்வு என்று ஒரு புதுத் துறையே வளர்ந்துவிட்டது. எனவே தலைப்பில் இருக்கும் மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைக்கு எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம். தலைப்பின் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, மொழியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன.

மொழி

1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை எல்லோருக்கும் தெரிந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். (திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் எழுதியது 1816இல். அதுவும் இதே ஒப்பீட்டு வழியில் வந்த முடிவுதான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.)

எழுத்தே இல்லாத, யாருமே பதிவு செய்யாத ஒரு மொழியை எப்படி மீட்டெடுக்க முடியும்? இது நியாயமான கேள்வி. மீட்டெடுத்த வடிவங்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். "இது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை, நாங்கள் கணக்குப் போட்டு எடுத்தது" என்று அதற்குப் பொருள். 1868இல் ஷ்லைஹர் இந்த மீட்டெடுத்த மொழியிலேயே ஆடும் குதிரைகளும் பேசுகிற ஒரு குட்டிக் கதை எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே கதையைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேற வேற மொழி மாதிரி இருக்கும். சிரிக்கிறவர்கள் இதைக் காட்டித்தான் சிரிப்பார்கள்.

ஆனால் அதே முறை ஒரு சோதனையில் தேறியும் இருக்கிறது. 21 வயது சசூர், 1879 என்று ஆண்டிட்ட தன் நூலில், இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உயிரெழுத்து ஒழுங்கை விளக்க வேண்டுமென்றால், தொல்மொழியில் இருந்து பின்னர் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்றார். அந்த ஒலிகள் அவருக்குத் தெரிந்த எந்த மொழியிலும் நேரடியாக இல்லை. வெறும் கணக்கு. பிறகு துருக்கியில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகளை 1915இல் ஹ்ரோஸ்னி படித்துச் சொன்னார். 1927இல் குரிலோவிச், ஹிட்டைட்டில் வரும் ஒரு 'ஹ' ஒலி சசூர் கணக்கிட்ட பல இடங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, யாரும் எதிர்பாராத மண்ணிலிருந்து வந்த சாட்சி இது. எல்லாமே ஊகம் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஆந்தனி ஒரு தொல்லியலாளர், மொழியியலாளர் அல்ல. ஆனாலும் இந்தப் பகுதியை அவர் பொறுமையாகவும் நேர்மையாகவும் எழுதியிருக்கிறார். மொழியியலைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் தொல்லியலாளர்கள் நிறைந்த துறையில் அது பெரிய விஷயம்.

சக்கரம்

புத்தகத்தின் முதுகெலும்பு இந்தப் பகுதிதான். வாதம் எளிமையானது. சக்கரத்துக்கு இரண்டு சொற்கள், அச்சுக்கு ஒன்று, ஏர்க்காலுக்கு ஒன்று, வண்டியில் கொண்டுசெல்வதற்கு ஒரு வினை என ஐந்து சொற்களைத் தொல்மொழிக்கு மீட்டெடுக்க முடிகிறது. இல்லாத பொருளுக்கு யாரும் பெயர் வைக்க மாட்டார்கள். சக்கர வண்டிக்கான நல்ல சான்றுகள் கி.மு. 3500ஐ ஒட்டித்தான் தொடங்குகின்றன. போலந்தின் ப்ரோனொசிட்ஸேவில் கிடைத்த பானையில் வரைந்திருக்கும் வண்டி அந்தக் காலத்தது. ஸ்லோவேனியாவின் லுப்லியானா சதுப்பில் அச்சோடு கிடைத்த மரச் சக்கரம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னது. ஆக, அந்த மொழி கி.மு. 3500க்குப் பிறகும் பெரிதாகச் சிதறாமல் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இது உண்மையானால், காலின் ரென்ஃப்ரூ 1987இல் முன்வைத்த கருத்து அடிபடுகிறது. வேளாண்மையோடு சேர்ந்து அனதோலியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் இந்தக் குடும்பம் பரவியது என்றார் அவர். அந்தப் பரவல் சக்கரத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் வருஷம் முந்தியது.

எதிர்க்கேள்வி என்ன? "சொல் பொருளோடு சேர்ந்து கடனாகப் போயிருக்கலாமே!" தமிழில் 'சக்கரம்' இருக்கிறது, அதற்காகத் தமிழ் இந்தோ-ஐரோப்பிய மொழியா? இல்லை. இதைவிடக் கூர்மையான உதாரணமும் உண்டு. வட அமெரிக்காவின் அல்கோங்கியன் மொழிகளில் துப்பாக்கிக்கும் சாராயத்துக்கும் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்காகப் பொருந்துவதால், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய தாய்மொழிக்கே அவற்றை மீட்டெடுத்துவிட முடியும். ப்ளூம்ஃபீல்டின் 1946 கட்டுரையிலிருந்து மொழியியலாளர்களைத் தொந்தரவு செய்யும் உதாரணம் இது. காரணம் தெரிந்ததுதான். சாராயம் அவர்களுக்கு 'நெருப்பு நீர்'. நெருப்பும் நீரும் பழைய சொற்கள். இரண்டையும் ஒட்டுகிற வேலையை எந்தக் கிளையும் பின்னால் செய்துகொள்ளலாம், பக்கத்து மொழியைப் பார்த்தும் செய்யலாம். மீட்டெடுப்பு இயந்திரம் அதைப் பழைய சொல் என்றே துப்பும்.

இந்த ஆபத்து சக்கரத்துக்கும் உண்டா? சொல்லின் உள்ளே போய்ப் பார்க்கலாம். மீட்டெடுத்த வடிவம் *க்வெக்வ்லொஸ். சமஸ்கிருதத்தில் சக்ர, கிரேக்கத்தில் குக்லோஸ், பழைய ஆங்கிலத்தில் ஹ்வெஓல் (இன்றைய வீல்), தோகாரியன் பி மொழியில் வண்டி என்ற பொருளில் கோகலே. சமஸ்கிருத 'சக்ர'வைக் கவனியுங்கள். தொல்வடிவத்தில் இருந்த இரண்டு க-ஒலிகளில் முதலாவது மட்டும் ச ஆகியிருக்கிறது, இரண்டாவது க ஆகவே நிற்கிறது. ஏன்? முதல் ஒலிக்குப் பக்கத்தில் எ இருந்தது, அது அந்த ஒலியை ச-வாக இழுத்தது. பிறகு அந்த எ-யே அ ஆகிவிட்டது. அதாவது அந்த ச, மறைந்துபோன ஒரு எ விட்டுச்சென்ற கால்தடம். ஜெர்மானியக் கிளையில் அதே க்வ, ஹ்வ ஆகியிருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தனக்கே உரிய பழைய மாற்றங்கள் முழுவதையும் இந்தச் சொல்லின் மேல் நடத்தியிருக்கிறது. அப்படியென்றால் அந்த மாற்றங்கள் தொடங்கும் முன்பே சொல் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். தமிழின் 'சக்கரம்' இதற்கு நேர்மாறு. சமஸ்கிருதத்தில் வேலையெல்லாம் முடிந்த பிறகு, முடிந்த வடிவத்திலேயே வந்து சேர்ந்தது. கடனை இப்படித்தான் அடையாளம் காண்கிறோம். ஆழி, திகிரி, உருள் என்ற சொற்கள் தமிழிடம் இருக்கவே இருக்கின்றன.

'நெருப்பு நீர்' மாதிரி ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக உருவாக்கியிருக்க முடியாதா? 'சுழல்' என்ற வேர் எல்லோரிடமும் இருந்தது உண்மை. ஆனால் அந்த வேரின் முதல் மெய்யை இரட்டித்து, நடு உயிரை நீக்கி, அதைப் பெயர்ச்சொல்லாக்குவது வழக்கமான முறை அல்ல. பல கிளைகள் சொல்லி வைத்த மாதிரி அதே விசித்திர வழியில் போயின என்று நம்புவது கஷ்டம். அச்சும் ஏர்க்காலும் வினையும் கூடவே வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருத்தத்தோடு இந்த வாதம் நிற்கிறது என்பது என் கணிப்பு. ஹிட்டைட்டில் இந்த ஐந்தில் ஏர்க்கால் மட்டும்தான் தெளிவாக இருக்கிறது (ஹிஸ்ஸ, சமஸ்கிருதத்தின் ஈஷா). சக்கரத்துக்கு அது ஹுர்கி என்ற வேறு சொல்லை வைத்திருக்கிறது. ஏர்க்கால் கலப்பைக்கும் உண்டு, அதற்குச் சக்கரம் தேவையில்லை. எனவே சக்கரம் தேதி குறிப்பது அனதோலியக் கிளை பிரிந்த பிறகு மிஞ்சிய மொழிக்குத்தான். முழுக் குடும்பத்தின் பிறந்த தேதி அதற்குள் இல்லை. ஆந்தனியும் அனதோலியக் கிளை முன்பே பிரிந்தது என்றுதான் சொல்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2023இல் ஹெகார்ட்டி குழுவினர் கணினி மாதிரி ஒன்றின் அடிப்படையில், குடும்பம் சுமார் 8100 ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியது, 7000 ஆண்டுகளுக்கு முன்பே பல முக்கியக் கிளைகள் தனித்தனியாகிவிட்டன என்றார்கள். அப்படியானால் சக்கரச் சொற்கள் பிரிந்த கிளைகளுக்குள் பின்னால் போயிருக்க வேண்டும். அந்த ச-வின் கால்தடத்தை இந்த மாதிரி எப்படி விளக்கும் என்பதுதான் என் கேள்வி. திருப்தியான பதிலை நான் இன்னும் பார்க்கவில்லை.

குதிரை

இங்கேதான் கட்டடம் ஆடுகிறது.

குதிரைக்கான சொல் தொல்மொழியில் இருந்தது, அதில் பிரச்சினை இல்லை. சமஸ்கிருதத்தில் அஷ்வ, லத்தீனில் எக்வுஸ், தோகாரியனில் யக்வே. ஆனால் சொல் இருந்தால் குதிரை தெரியும் என்றுதான் ஆகும். பழக்கினார்களா, ஏறினார்களா, வேட்டையாடித் தின்றார்களா என்று சொல் சொல்லாது. அதற்கு எலும்பு வேண்டும்.

ஆந்தனியும் அவர் மனைவி டார்கஸ் பிரவுனும் கடிவாளம் குதிரையின் பல்லில் விடும் தேய்மானத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்தார்கள். உக்ரைனின் டெரீவ்காவில் கிடைத்த ஒரு ஆண் குதிரையின் பல்லில் அந்தத் தேய்மானம் இருந்தது. கி.மு. 4000ஐ ஒட்டியது என்று கருதப்பட்ட அந்தக் குதிரை, ரேடியோ கார்பன் சோதனையில் இரும்புக் காலத்தது என்று தெரிந்தது. பழைய குழிக்குள் பின்னால் வந்து விழுந்த எலும்பு. ஆந்தனி அந்தச் சான்றைத் தாமே வாபஸ் வாங்கினார், புத்தகத்திலும் மறைக்காமல் சொல்கிறார். எத்தனை ஆய்வாளர்கள் இதைச் செய்வார்கள்?

ஆனால் அதன் பிறகு பாரம் முழுவதையும் கஜகஸ்தானின் போட்டாய் பண்பாட்டுக் குதிரைகள் மேல் ஏற்றினார். 2018இல் வந்த டி.என்.ஏ. ஆய்வு, போட்டாய்க் குதிரைகள் இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் அல்ல, ப்ரெஷ்வால்ஸ்கி குதிரைகளின் உறவு என்று காட்டியது. 2021இல் லிப்ராடோ குழுவினர், இன்றைய வீட்டுக் குதிரைகள் வோல்கா-டான் பகுதியில் தோன்றி, கி.மு. 2200–2000 காலத்தில்தான் வேகமாக வெளியே பரவின என்றார்கள். யம்னயா மக்கள் ஐரோப்பாவுக்குள் போனது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால், கி.மு. 3000ஐ ஒட்டி.

கதை இதோடு முடியவில்லை. யம்னயா எலும்புக்கூடுகள் சிலவற்றில் குதிரை ஏறுகிறவர்களுக்கு வரும் தேய்மானங்கள் தெரிகின்றன என்று 2023இல் ஒரு ஆய்வு சொன்னது. எனவே "யாரும் ஏறவே இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது ஏறி மந்தை மேய்த்திருக்கலாம். ஆனால் புத்தகத்தின் துணைத்தலைப்பு வெண்கலக் கால 'ரைடர்ஸ்' நவீன உலகையே உருவாக்கினார்கள் என்கிறது. அவ்வளவு பெரிய வேலைக்கு இந்தச் சான்று போதாது. ஐரோப்பாவுக்குள் போன அந்த முதல் பயணத்தை மாடு இழுத்த, முழுப் பலகைச் சக்கரம் வைத்த வண்டியின் பயணமாகக் கற்பனை செய்வதே சான்றுக்கு நெருக்கமாக இருக்கும். ஆரக்கால் தேரும் வேகக் குதிரையும் கி.மு. 2000ஐ ஒட்டி, யூரல் மலைகளுக்கு அருகே சின்தாஷ்டாவில், இந்தோ-ஈரானியக் கிளையின் கதையில்தான் நுழைகின்றன. நம்ம விவாதங்களில் இந்த இரண்டு காலங்களையும் ஒன்றாகக் குழைத்து, ஆயிரம் வருஷ இடைவெளியை ஒரே குதிரையில் தாண்டிவிடுகிறார்கள்.

பண்பாடு என்ற கூடுதல் பாரம்

தலைப்பில் இல்லாத நான்காவது விஷயம் ஒன்றும் புத்தகத்தில் இருக்கிறது. மொழி எப்படிப் பரவியது என்பதற்கு ஆந்தனி தரும் விளக்கம் அது. விருந்தாளியும் விருந்தளிப்பவனும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட உறவு, ஆண்டான்-அடியான் பிணைப்பு, விருந்தில் தலைவனைப் பாடும் புலவர்கள், மாடு கவர்வதை நியாயப்படுத்தும் தொன்மம். இந்த அமைப்புகள் வெளியாட்களை உள்ளே இழுத்தன, அதோடு மொழியும் பரவியது என்கிறார்.

சொற்சான்றுகள் சுவையானவை. ஆங்கிலத்தின் கெஸ்ட் சொல்லும், லத்தீனில் எதிரியைக் குறிக்கும் ஹோஸ்டிஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வாசலில் நிற்கும் அந்நியன் விருந்தாளியும் ஆகலாம், பகைவனும் ஆகலாம். வானத் தந்தை சமஸ்கிருதத்தில் த்யௌஸ் பிதா, கிரேக்கத்தில் ஜ்யூஸ் பாட்டேர், ரோமில் ஜூபிடர். ரிக்வேதத்திலும் இலியட்டிலும் 'அழியாத புகழ்' என்ற தொடர் ஒலிக்கு ஒலி பொருந்தும் சொற்களில் வருவதை 1853இல் கூன் கவனித்தார்.

ஆனால் சங்க இலக்கியம் படித்த யாருக்கும் இங்கே ஒரு நெருடல் வரும். புகழுக்காக உயிர்விடும் மறவன், விருந்தோம்பும் வள்ளல், பரிசிலுக்குப் பாடும் பாணர், வெட்சித் திணையின் ஆநிரை கவர்தல் என இந்தப் பட்டியல் முழுவதும் நம்மிடம் இருக்கிறது. 'விருந்து' என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை, வீட்டுக்கு வந்த புது ஆள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல் ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. இதையெல்லாம் வைத்துத் தமிழர் இந்தோ-ஐரோப்பியர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் என்ன தெரிகிறது? கருத்து ஒன்றுபோல இருப்பது மரபுறவுக்குச் சான்று ஆகாது. மாடு செல்வமாக இருக்கும் இடத்தில் மாடு திருடுகிறவனும், அவனைப் பாடுகிறவனும் இருப்பார்கள். ஆந்தனி துணைக்கு அழைக்கும் ப்ரூஸ் லிங்கன், 1981இல் எழுதிய நூலில் இந்தோ-ஈரானியர்களை ஒப்பிட்டது கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடு மேய்க்கும் மக்களோடுதான்! 'அழியாத புகழ்' சான்றாகிறது என்றால் அது ஒலிப் பொருத்தத்தால்தான், புகழ் ஆசையால் அல்ல.

இரண்டாவது, இந்த அமைப்புகளைப் பரவலுக்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், பரவாத மொழிக்காரர்களிடம் அவை இல்லை என்றும் காட்ட வேண்டும். அந்தப் பக்கத்து மொழிகள் சொல் மிஞ்சாமல் அழிந்துவிட்டன. அவர்களிடம் விருந்தோம்பல் இருந்ததா என்று யாரிடம் கேட்பது? தமிழ்ச் சான்று பல நூற்றாண்டுகள் பிந்தியது, வேறு நிலம், வேறு சூழல் என்று ஆந்தனி தரப்பில் பதில் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். அந்த அமைப்புகள் இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவும் இல்லை. அவை மட்டும் ஒரு மொழியை அட்லாண்டிக் வரை கொண்டுபோய்ச் சேர்க்காது என்கிறேன்.

ரத்தம் பேசாது

2015இல் ஹாக் குழுவினரின் ஆய்வு வந்தது. ஜெர்மனியில் கிடைத்த கயிற்றுத் தட மட்பாண்டப் பண்பாட்டு மக்களின் மரபணுவில் ஏறக்குறைய முக்கால் பங்கு யம்னயா வகையைச் சேர்ந்தது என்றார்கள். "ஆந்தனி ஜெயித்துவிட்டார்" என்று பலர் எழுதினார்கள். ஸ்டெப்பியிலிருந்து பெரும் இடப்பெயர்வு நடந்தது என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. அந்த அளவுக்கு அவர் சரி.

ஆனால் எலும்பு எந்த மொழி பேசியது என்று டி.என்.ஏ. சொல்வதில்லை. ஐபீரியத் தீபகற்பத்தில் கி.மு. 2000க்குள் ஆண்வழி மரபுகள் கிட்டத்தட்ட முழுவதும் ஸ்டெப்பித் தொடர்புள்ளவையாக மாறிவிட்டன என்று 2019இல் தெரியவந்தது. அங்கே வாழும் பாஸ்க் மக்களும் அந்த மரபைச் சுமப்பவர்களே. பேசுவதோ இந்தோ-ஐரோப்பியம் அல்லாத ஒரு மொழி. மறுபுறம் ஹிட்டைட்டுகள். மிகப் பழைய பதிவுள்ள இந்தோ-ஐரோப்பிய மொழி அவர்களுடையது. ஆனால் 2018இல் சோதித்த வெண்கலக் கால அனதோலிய எலும்புகளில் ஸ்டெப்பி மரபு தென்படவில்லை. பால்கன் வழியாக அனதோலியக் கிளை இறங்கியது என்ற ஆந்தனியின் பாதைக்கு இது நல்லதல்ல. 2025இல் லஸாரிடிஸ் குழுவினர், காகசஸுக்கும் கீழ் வோல்காவுக்கும் இடைப்பட்ட ஒரு முந்தைய மக்கள்திரளை, யம்னயாவுக்கும் அனதோலியாவுக்கும் பொதுவான மூலமாக முன்வைத்தார்கள். அதில் ஆந்தனியும் ஓர் ஆசிரியர். தன் வரைபடத்தைத் தானே திருத்துகிற கூட்டத்தில் அவர் இருக்கிறார். அவர் ரசிகர்களும் எதிரிகளும்தான் 2007லேயே நிற்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன போச்சு என்று கேட்கலாம். போகிறது. இந்தோ-ஐரோப்பியம் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். அதை ரத்தத்தின் பெயராக மாற்றியபோது இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று தெரியும். திராவிடம் என்பதும் எல்லிஸிலிருந்து கால்டுவெல் வரை மொழிச் சான்றின் மேல் நின்ற பெயர்தான். இன்றைக்கு மரபணுச் சோதனைச் சதவீதத்தை ஒட்டிக்கொண்டு "நீ எத்தனை சதம் ஆரியன்" என்று சண்டை போடுகிறவர்கள், பாஸ்க் ஆளையும் ஹிட்டைட் ஆளையும் எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் படியுங்கள். மொழியையும் சக்கரத்தையும் பற்றிய முதல் அத்தியாயங்களை மெதுவாக, பென்சிலோடு படியுங்கள். குதிரை அத்தியாயத்தை 2018, 2021 ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். விருந்தும் புலவரும் வரும் இடங்களில் புறநானூற்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விவாதத்தில் யாராவது இந்தப் புத்தகத்தை எடுத்து வீசினால், எந்த அத்தியாயம் என்று மட்டும் கேளுங்கள்.